ஓப்பன் பேப்பரில் என் கையெழுத்து

என் உயிர் மச்சான் ரவிக்கு,

நீ போன இந்த மூன்று மாதமும் உன்னை நினைத்தால் முதலில் அழுகைதான் வரும். கடந்த இரண்டு கிழமையாகப் பல்தான் கடிபடுகிறது. ஆனாலும் கடிதத்தை வேறு மாதிரித் தொடங்க வரவில்லை. வெறும் ‘ரவிக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், யாரோ கடன்காரனுக்கு எழுதுவதுபோல் இருந்தது. அப்படி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டுப் பழகிய வாய்.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கச்சி கஸ்தூரி நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் பொய். எழுந்து நடக்கிறாள், சமைக்கிறாள், போன கிழமை தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். உன் மகள் மயூரி நர்சரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் போகிற கோச்சிக்கெல்லாம் கை காட்டுகிறாள். உன் வீட்டுப் பக்கம், றொசல்லையில், மழை விட்டபாடில்லை. ஹட்டனில் நம் கராஜுக்கு எதிரே இருந்த பேக்கரி கைமாறிவிட்டது, பனிஸ் அளவில் பாதியாகிவிட்டது, விலை மட்டும் குறையவில்லை. நீ இருந்திருந்தால் அந்த ஆளோடு ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பாய்.

ருவன் மாத்தயாவின் வண்டியை முடித்துவிட்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ வாசிக்கப் போவதில்லை, இந்தக் கடிதத்தை மற்றவர்கள்தான் வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ருவன் மாத்தயா நுவரெலியாவில் விருந்தாளிகள் தங்கும் வீடு நடத்துகிற சிங்கள ஐயா. வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்து, தன் உடம்புக்கும் ரசனைக்கும் ஏற்றபடி புதிதாகக் கட்டித் தரச் சொன்னார். நம் கராஜில் இன்ஜின் உன் பொறுப்பு, இரும்பு வேலையும் பெயின்ட்டும் என் பொறுப்பு. வேலை பாதியில் நிற்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை உனக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் கருமாதி முடிந்து மறுநாளே கராஜைத் திறந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் அண்ணே என்று கஸ்தூரி சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. மச்சான் கொடுத்த வாக்கு, அவன் போனபின் ஒரு மனிதனும் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது என்றேன். இப்படித்தான் சொன்னேன், மச்சான். இதே வார்த்தையை.

இன்ஜினை நீ முடித்து, வெளியெல்லாம் புதிதுபோல் பொலிஷ் போட்டு, பொலித்தீன் சுற்றி வைத்திருந்தாய். மற்றதெல்லாம் நான். சைலன்சர் குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி, இரண்டு பக்கமும் அடைத்து, சூடாக்கி வளைத்தேன். எங்கும் ஒரு நசுங்கல் கிடையாது. டேங்கியைத் தகட்டிலிருந்து கையால் தட்டி எடுத்தேன். மூன்று தடவை ஒழுகி, நான்காம் தடவை நின்றது. ருவன் மாத்தயா நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், கையும் நீளம். அவரை ஒரு பலகையில் உட்காரவைத்து, தோளிலிருந்து உள்ளங்கை வரைக்கும் டேப் பிடித்து அளந்து, அந்த அளவுக்கு ஹேண்டிலை வளைத்தேன். கால் வைக்கும் இடமும் அவர் முழங்காலைப் பார்த்துத்தான். முற்றிய தேயிலையின் பச்சை அடித்தேன். நானே சொல்லக் கூடாது, என் கையிலிருந்து இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை.

ஐந்தாம் உதையில் இன்ஜின் பிடித்தது. உன் ஸ்டூலைப் பார்த்து, “மச்சான், புடிச்சிருச்சுடா!” என்று கத்திவிட்டேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பேக்கரிக்காரன் கடையை விட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ருவன் மாத்தயா வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார்.

“பாஸ், ஒரு சின்னக் கரச்சல் இருக்கு. வண்டிய என் பேருக்கு மாத்தப் போனேன். பழைய ஓனர்ட கைநாட்டும் ஐடென்டி கொப்பியும் கேக்குறாங்க. அந்த ஆளு செத்துப் போச்சுன்னு ரவி சொன்னது. அவங்க வீட்டு ஆளுங்க யாரையாவது ஒங்களுக்குத் தெரியுமா?”

வாங்கிப் பார்த்தேன். மேலே வண்டியின் பழைய பதிவுப் புத்தகம். அதற்குள் மடித்த கைமாற்றுப் படிவம். விற்பவர் பெயர் கருப்பையா தங்கராசு. கீழே என் கையெழுத்து.

ஏன்டா மச்சான், நான் எப்போது செத்தேன்?

அந்தக் கையெழுத்தை நான் எங்கே போட்டேன் என்பது நினைவிருக்கிறது. போன வருச மழையில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடித்து, தோட்டத்து ஆட்களை எல்லாம் எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள் அல்லவா? நீ தலவாக்கலை டவுனில் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அம்மாவின் மருந்துப் பையைத் தூக்கினாய், சட்டி பானையைத் தூக்கினாய். அப்பாவின் மோட்டார் சைக்கிளை மட்டும் எங்கே வைப்பது என்று நான் நின்றபோது, “நம்ம வீட்டு ஷெட்டுல கெடக்கட்டும் மச்சான், நானே ஓட்டிட்டுப் போறேன்” என்றாய். இன்னொன்றும் சொன்னாய்.

“ரோட்டுல பொலிஸ் மறிச்சா யாரு வண்டின்னு கேப்பான். ஒரு ஓப்பன் பேப்பர் போட்டுத் தாயேன். புத்தகத்தோட பொக்கெட்டுல கெடக்கட்டும்.”

ஓப்பன் பேப்பர் என்றால், வாங்குகிறவர் பெயரை எழுதாமல், விற்கிறவர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் படிவம். நம் கராஜுக்கு வந்த வண்டிகளில் பாதி அப்படி வந்தவைதான். ஊர் உலகத்துக்கெல்லாம் “பார்த்துப் போடுங்க” என்று புத்தி சொன்ன நான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசையில் குனிந்து உனக்குப் போட்டுக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. என் தங்கச்சியையே கொடுத்தவன், ஒரு கடதாசிக்கு யோசிப்பேனா?

அந்த வண்டி என்னவென்று உனக்குத் தெரியாதா? அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். ஓடாமல் கிடந்த அந்த வண்டியை, வேலையை விட்டுப் போன பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி, வருசக்கணக்காக ஒவ்வொரு சாமானாகத் தேடிப் போட்டு ஓடவைத்தார். ஆனால் அவருக்கு வண்டியைவிடப் புத்தகம்தான் பெரிது. அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். எங்களுக்கு நாங்கள் இருக்கும் லயத்துக் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. வாசலில் போட்ட கோவாப் பாத்திக்கு உறுதி கிடையாது. மூன்று தலைமுறையாக இந்த மலையில் கிடந்தவர்களில் ஒருவருடைய பெயரை அரசாங்கம் ஒரு சொத்துக்கு நேரே எழுதியது அந்தப் புத்தகத்தில்தான். தீபாவளிக்குத் தீபாவளி அதை எடுத்து, “வாசிடா” என்பார். நான் அவர் பெயரை வாசிப்பேன். பக்கத்து வீட்டுப் பையனாக நீயும் அங்கே நின்று முறுக்குத் தின்றிருக்கிறாய். அவர் போன பிறகு அவர் பெயருக்குக் கீழே என் பெயர் ஏறியது.

இனி இதைச் சொல். நீ எனக்குப் பக்கத்தில் நின்ற அந்த நாளைச் சொல்.

ருவன் மாத்தயாவுக்குக் கட்ட வேண்டிய சேசி, பழைய பெயின்ட் போக மணல் அடித்து, கண்டியிலிருந்து வந்தது. பெயின்ட் இல்லை, நம்பர் தகடு இல்லை, டேங்கி இல்லை. வெறும் சாம்பல் நிற எலும்புக்கூடு. இன்ஜின் பக்கம் நான் வரவே தேவையில்லை என்று அதைத் தனியாக உன் மேசையில் வைத்துக்கொண்டாய். எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்ல நான் என்ன டாக்டரா? அப்படியும் எனக்கு ஏதோ தட்டியது. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே பித்தளை வைத்து அடைத்த ஒரு பழைய ஒட்டு இருந்தது. விரலால் தடவிவிட்டு, “டேய், நம்ம வண்டியிலயும் அப்பா இந்த எடத்துல இப்படித்தான்டா ஒட்டு வச்சிருந்தாரு” என்றேன்.

நீ சிரித்தாய். “இந்த மொடலே அந்த எடத்துல வெடிக்கும் மச்சான். எல்லா எலும்பும் ஒன்னுதான். நீ வெட்டு.”

பின்பக்க வளைவை வெட்டக் கட்டரை எடுத்தேன். சேசி ஆடியது. நீ வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். நான் வெட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாய். தீப்பொறி உன் கையில் பட்டது, நீ விடவில்லை. மச்சான் என்றால் இவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

சரி, ருவன் மாத்தயாவுக்கு வருவோம். படிவத்திலிருந்த என் பெயரை இன்னொரு தடவை வாசித்தேன். அவர் மறுபடியும் கேட்டார்: “தெரியுமா பாஸ்?”

“தெரியும். சாகல. நான்தான்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அட்டையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பழைய வண்டி கிடைக்காததால் வேலையைக் கொழும்பில் கொடுக்க இருந்தாராம். நீதான், ரெண்டு கிழமை தாங்க, வண்டியும் நானே தேடித் தாறேன், இந்த வேலை எங்க கராஜை விட்டுப் போகக் கூடாது என்று கெஞ்சினாயாம். கடைசியில் அவர் எழுந்து, “வண்டி இங்கயே நிக்கட்டும் பாஸ். ஒங்க வண்டின்னு நீங்க சொன்னா நான் எடுக்க மாட்டேன். ஒரு கெழமை யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனார். அவர் கெட்டவராக இருந்து என்னோடு சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

நான் அப்படியே றொசல்லைக்குப் போனேன். உன் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய அப்பாவின் வண்டி இருக்கிறதே! உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தானே உள்ளே வருவேன்? அதற்கு முந்தின கிழமைகூடத் தட்டினேனே?

கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்தேன். நடுவில் மரக்குற்றி. முன்னால் கட்டித் தொங்கவிட்ட பழைய ஹேண்டில். குற்றியின் மேல் அப்பாவின் டேங்கி. பின்னால் சீட் உயரத்துக்கு விறகுக்கட்டு. அளவு பிசகாமல் செய்திருந்தாய் மச்சான். இவ்வளவு பொறுமையாக ஒரு கஸ்டமருக்குக்கூட நீ வேலை செய்ததில்லை.

கஸ்தூரி வந்து பின்னால் நின்றாள். அவளுக்கும் தெரியாது, நீ அவளையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தார்ப்பாயை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க வந்து இதத் தட்டிக் குடுக்குற நேரமெல்லாம் அவரு எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயிருவாருண்ணே. தேத்தண்ணி ஊத்தத்தான் போறாருன்னு இருந்தேன். இப்பத்தான் வெளங்குது.”

அப்படியானால் உனக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தியும் ஒரு வருசத்துக்குக் கிட்ட வாயைத் திறக்கவில்லை. ஏன்டா? என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று அன்றைக்கு ஷெட்டில் நின்று கத்தினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கே உண்மை புரிந்தது. கொடுத்திருக்க மாட்டேன். நீ அதைத் தெரிந்துதான் கேட்கவில்லை. என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தவன், இது தெரியவரும்போது எனக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் தெரியாமலா இருந்தாய்?

உனக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது, சொல்லவே கசக்கிறது. ருவன் மாத்தயா வண்டியைப் போட்டோ எடுத்துத் தன் சிநேகிதர்களுக்கு அனுப்பினாராம். கந்தப்பளையிலிருந்து ஒருவர், கண்டியிலிருந்து ஒருவர், எங்களுக்கும் இப்படி ஒன்று கட்டித் தருவீர்களா என்று போன் எடுத்தார்கள். இந்த ஒரு வேலை பத்து வேலையைக் கொண்டுவரும் என்று நீ கணக்குப் போட்டது அப்படியே நடக்கிறது. அதற்காக உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்கிறாயா?

அந்த ஒரு கிழமையும் வண்டி என் கண்ணெதிரே நின்றது. கைநாட்டு வைக்காவிட்டால் வண்டி எனக்கு, அப்பாவின் பெயர் உள்ள புத்தகமும் எனக்கு. வைத்தால் பழைய புத்தகத்தை வண்டிப் பதிவு ஒபிசில் வாங்கிக்கொண்டு ருவன் மாத்தயா பெயரில் புதுக் கடதாசி கொடுப்பார்கள். வைக்காவிட்டால் நீ செய்தது ஹட்டன் டவுன் முழுக்கத் தெரியவரும். இதைக் கஸ்தூரியிடம் சொன்னபோது அவளுக்கு வந்ததே கோபம்!

“எனக்காகன்னு சொல்லி ஒன்னும் வக்காதீங்க. யாரு கேட்டாலும் ஆமா, என் புருசன் அப்படித்தான் செஞ்சாருன்னு சொல்லுவேன். எனக்கு வெக்கமில்ல, ஆத்திரந்தான் இருக்கு. அப்பாவோட வண்டி, எனக்கும் அப்பாதான். நீங்க வச்சிக்கங்க.”

வைத்துக்கொள்வது என்றே முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கராஜைத் திறந்து, சாமி கும்பிட்டுவிட்டு, முதல் தடவையாக அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

கை எட்டவில்லை, மச்சான். ஹேண்டில் ஒரு சாண் தள்ளி நின்றது. முன்னால் குனிந்து பிடித்தால் கால் வைக்க வேண்டிய இடம் பின்னால் போய்விடுகிறது. பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய வண்டியில் புதிதாகப் பழகுகிறவன்போல் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நெட்டை மனிதருக்கு அங்குலம் அங்குலமாக அளந்து செய்தது நான்தானே. விற்றது நீ. ஆனால் அதை அவருடைய வண்டியாக ஆக்கியது என் கை. மறுபடியும் வெட்டி எனக்கு அளவாக்கலாம்தான். அப்போதும் அது அப்பாவின் வண்டி ஆகாது. ஒரு குற்றமும் செய்யாத ஒருவரிடமிருந்து பறித்த வண்டியாக இருக்கும்.

திங்கட்கிழமை ருவன் மாத்தயாவோடு ஒபிசுக்குப் போனேன். கருநீல மையில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். மேசையில் இருந்த கிளாக்கர் அம்மா சிங்களத்தில் என் பெயரைக் கேட்டார், பிறகு புத்தகத்தைப் புரட்டி, மேலே இருக்கும் ஆள் யார் என்றார். “அப்பா” என்றேன். அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். பின்னால் வரிசை நின்றது, ஆனாலும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாய்க்குள் வாசித்தேன். அவர் முத்திரை குத்தி, புத்தகத்தை ஒரு கட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் ருவன் மாத்தயா, “வாங்க பாஸ், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்” என்று ஹெல்மெட்டை எடுத்தார். பிறகு இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். ஒரு ஆள் உட்காரத்தான் இடம். பின்னால் ஆள் உட்காரும் பகுதியைத்தான் நான் வெட்டியிருந்தேன். அவர் தடுமாறிப்போனார். நான் நடந்துபோய்த் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினேன்.

கைநாட்டு வைத்துவிட்டான், மன்னித்துவிட்டான் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. நீ உயிரோடு இருந்தால் கன்னத்தில் இரண்டு வைத்துவிட்டு, ஒரு வருசம் பேசாமல் இருந்து, பிறகு எப்படியோ பேசியிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாய்.

நேற்றுக் கஸ்தூரி சாப்பாடு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “ஒரு வருசத் தெவசம் முடிஞ்சதும் புள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். மடி தருவீங்களாண்ணே?”

என் தங்கச்சி என்னிடம் இதைக் கேள்வியாகக் கேட்கிறாள், மச்சான். பயந்து பயந்து கேட்கிறாள். வண்டி போனது போகட்டும், அவளை இப்படிக் கேட்க வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மடி தருவேன். தோட்டத்துக் கோயிலில், ஊர் பார்க்க, மயூரியை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவள் திமிறினால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், அழுதால் சமாதானம் செய்வேன். அவள் வளர்ந்து அப்பாவைப் பற்றிக் கேட்கும் நாளில், கெட்டுப்போன இன்ஜினை வெறும் காதால் கேட்டே நோயைச் சொன்ன மனிதர் என்றும் சொல்வேன், என்னை உயிரோடு வைத்துக்கொண்டே செத்தவன் என்று சொன்ன மனிதர் என்றும் சொல்வேன். ஒன்றையும் மறைக்க மாட்டேன், ஒன்றையும் கூட்டியும் சொல்ல மாட்டேன். இது உன் பிள்ளை மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகள் மயூரியின் தாய்மாமன்,
க. தங்கராசு